சென்சாரை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பங்சார் லக்கி கார்டனிலிருந்து பெரியம்மா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ஓவனின் முகப்பில் வெப்பநிலை தெரிய வேண்டிய இடத்தில் 'எஃப் 3' என்று மின்னிக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே ஒரே வரி: "என்னம்மா இது? பதினெட்டு கேக் ஆர்டர் கையில இருக்கு."

மாணவர்களே, நான் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிப்பவள். நீங்கள் வகுப்பில் ரிந்தாங்ஙான் என்று படிக்கும் மின்தடையைப் பதினொரு ஆண்டுகளாகக் கரும்பலகையிலும் வெண்பலகையிலும் எழுதி வருகிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஓம் விதியைச் சொல்வேன். ஆனாலும் அந்த ஓவன் விஷயத்தில் நான் நடந்துகொண்ட விதம் ஓர் அறிவியல் ஆசிரியைக்கு அழகாக இல்லை. அதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒழுங்காக வேலை செய்யும் மின்சுற்றுகளை மட்டுமே நாம் மாணவர்கள் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கெட்டுப்போனவற்றையும் கொடுக்க வேண்டும் என்பது இப்போது என் உறுதியான கருத்து. அந்தக் கருத்துக்கு வந்த வழியைத்தான் சொல்லப் போகிறேன்.

படம் வந்ததும் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். கைத்தொலைபேசியில் ஓவனின் மாடல் எண்ணையும் எஃப் 3 என்பதையும் தட்டினேன். 'சென்சார்' என்று பதில் வந்தது. சரி, சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, அதே மாடலுக்குப் பொருந்தும் ஒன்றை 85 வெள்ளிக்கு வரவழைத்தேன். அக்கம்பக்கத்தில் பழுதுபார்க்கும் ஒருவர் வந்து மாட்டிக் கொடுத்தார். கூலி 60 வெள்ளி. எஃப் 3 மறைந்தது. பெரியம்மா அன்றே நான்கு கேக் சுட்டார். "டீச்சருக்குப் படிச்ச பிள்ளைன்னா சும்மாவா?" என்று அவர் உறவினர்களிடம் சொன்னதைக் கேட்டு எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது.

மூன்றாம் நாள் மாலை மறுபடியும் எஃப் 3.

பழுதுபார்ப்பவர் திரும்ப வந்தார். சென்சார் புதிது, ஆகவே கோளாறு கட்டுப்பாட்டு போர்டில்தான் இருக்க வேண்டும் என்றார். புதிய போர்டுக்கு 640 வெள்ளி, வந்துசேர ஒரு வாரம். பெரியம்மா பணப்பையை எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார். பதினான்கு கேக்குகளை வேறு யாரிடமாவது ஒப்படைக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் எனக்கு ஐந்தாம் படிவ வகுப்பு, பாடம் மின்சாரம். சுவைக்காக இந்தக் கதையைச் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், பழைய சென்சார அளந்து பாத்தீங்களா?"

பழைய சென்சார் என் கைப்பையிலேயே இருந்தது. மல்டிமீட்டர் பத்தடி தூரத்தில், ஆய்வக அலமாரியில் இருந்தது. நான் அளந்து பார்க்கவில்லை. வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். என் காது மட்டும் சுட்டது.

அங்கேயே அளந்தோம். 1,118 ஓம்.

அந்த எண்ணின் பொருள் தெரிய வேண்டுமானால் ஓவனுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஓவனின் பின்சுவரில், மேற்பகுதியில், விரல் நீளத்துக்கு ஓர் எவர்சில்வர் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனிக்குள் மெல்லிய பிளாட்டினம் இருக்கிறது. பிளாட்டினம் சூடாக ஆக அதன் மின்தடை கூடும்; தாறுமாறாக அல்ல, ஏறக்குறைய நேர்கோட்டில், ஆண்டுக்கணக்கில் மாறாமல் கூடும். அதனால்தான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஹியூ காலெண்டர் பிளாட்டினத்தை நம்பகமான வெப்பமானியாக்கிக் காட்டினார். இன்றைய வீட்டு ஓவன்களில் பரவலாக இருக்கும் வகைக்கு 0 பாகை செல்சியசில் 1,000 ஓம். அங்கிருந்து ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 3.85 ஓம் கூடும். சூடு ஏற ஏற இந்த அளவு சற்றுக் குறையும். 30 பாகையில் 1,117 ஓம், கேக் சுடும் 180 பாகையில் 1,685 ஓம். சில நிறுவனங்கள் 500 ஓம் வகையையோ, சூடானால் மின்தடை குறையும் தெர்மிஸ்டரையோ பயன்படுத்துவதும் உண்டு. பெரியம்மாவின் ஓவனில் இருந்தது 1,000 ஓம் பிளாட்டினம்.

எங்கள் ஆய்வகத்தில் அன்று 30 பாகை. 1,118 என்றால் அந்தச் சென்சாருக்கு ஒரு குறையும் இல்லை. நான் 85 வெள்ளி கொடுத்து மாற்றியது நல்ல சென்சாரை.

அப்படியானால் எஃப் 3 பொய் சொன்னதா? இல்லை. போர்டு ஒரு சிறிய மின்னோட்டத்தைச் சென்சார் வழியாக அனுப்பி, மின்னழுத்தத்தைப் பார்த்து மின்தடையைக் கணக்கிடுகிறது, அதிலிருந்து வெப்பநிலை. மின்தடை எந்த ஓவனிலும் வரமுடியாத அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தால், எங்கோ சுற்று அறுந்துவிட்டது என்று புரிந்துகொண்டு சூடேற்றும் கம்பியை நிறுத்திவிடுகிறது. எவ்வளவு சூடு என்று தெரியாமல் மேலும் சூடேற்றிக்கொண்டே போவது தீயில் முடியும். ஆகவே அது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் போர்டின் பார்வையில் 'சென்சார்' என்பது அந்தக் குச்சி மட்டும் இல்லை. குச்சி, அதிலிருந்து வரும் இரண்டு கம்பிகள், நடுவில் ஒரு பிளக், மறுபடி கம்பி, போர்டில் இன்னொரு பிளக் எல்லாம் ஒரே தொடரில் இருக்கின்றன. தொடர்ச்சுற்றில் எங்கே அறுந்தாலும் போர்டுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டாம் படிவத்திலேயே நாம் படிக்கும் விஷயம் இது. "எனக்குக் கண் தெரியவில்லை" என்றுதான் ஓவன் சொன்னது. "என் கண் போய்விட்டது" என்று படித்துக்கொண்டது நான்.

இங்கே பாடத்தை நிறுத்திவிட்டு ஒரு கண்டிப்பான வார்த்தை. ஓவனின் உள்ளே 240 வோல்ட் போகிறது. முகப்புச் சுவிட்சை அணைத்தால் உள்ளே மின்சாரம் இல்லை என்று நினைக்காதீர்கள். நீங்கள் யாரும் ஸ்குரூ டிரைவரோடு ஓவன் பக்கம் போகக் கூடாது. அது சுருஹான்ஜாயா தெனாகாவிடம் பதிவு பெற்ற வயர்மேன் போன்றவர்களின் வேலை. என் நல்ல காலம், பெரியம்மாவின் மூத்த மகன் கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் சார்ஜ்மேன். சனிக்கிழமை அவரே வந்தார்.

அண்ணன் முதலில் சமையலறைச் சுவரில் இருக்கும் ஓவன் சுவிட்சை அணைத்தார். பிறகு மெயின் பெட்டியிலும் அணைத்தார். பிறகு மின்சாரம் இல்லை என்று சோதித்தும் பார்த்தார். அதற்கப்புறம்தான் பின்தகட்டைக் கழற்றினார். நான் விளக்குப் பிடித்தேன். "தங்கச்சி, கோட் என்ன சொல்லுதுன்னு அப்புறம் பாப்போம். எது நல்லா இருக்குன்னு முதல்ல பாரு" என்றார். குச்சிக்குப் பக்கத்தில் அளந்தார்: 1,116. புதிய சென்சாரும் நல்லதுதான். போர்டிலிருந்து பிளக்கைக் கழற்றி அந்த முனையில் அளந்தார். மல்டிமீட்டர் ஓ.எல். என்றது; அதாவது அளக்க முடியாத அளவு பெரிய மின்தடை. கம்பியை விரலால் மெல்ல அசைத்தார். 1,190 வந்தது. இன்னும் கொஞ்சம் அசைக்க 1,400. விட்டதும் மறுபடி ஓ.எல்.

ஆக, கோளாறு சென்சாருக்கும் போர்டுக்கும் நடுவில். அங்கே இருந்த வெள்ளை பிளாஸ்டிக் பிளக் பழுப்பேறியிருந்தது. உள்ளே ஒரு முள் கறுத்து, பிடிமானம் தளர்ந்திருந்தது. பல ஆண்டுச் சூடும் நம் ஊர் ஈரப்பதமும் சேர்ந்து செய்த வேலை. அன்று மத்தியானமே புடு பக்கம் ஜாலான் பாசாரில் இருக்கும் மின்னணுச் சாமான் கடைகளுக்குப் போய், சூடு தாங்கும் பீங்கான் இணைப்பு ஒன்று வாங்கி வந்தோம். விலை 6 வெள்ளி. மாட்டிய பிறகு போர்டு முனையிலும் 1,116 காட்டியது. ஓவன் மூடப்பட்டது. பதினான்கு கேக்கும் நேரத்துக்குப் போய்ச்சேர்ந்தன.

இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்துவது அந்த இரண்டு நாள்கள்தான். புதிய சென்சார் மாட்டியதும் ஓவன் வேலை செய்ததே, ஏன்? சென்சாரை மாற்றும்போது பிளக்கைக் கழற்றி மறுபடி சொருகினார்கள். சொருகிய உரசலில் கறுப்பு கொஞ்சம் சுரண்டப்பட்டு, தொடர்பு தற்காலிகமாகச் சரியானது. நாங்கள் ஒரே நேரத்தில் இரண்டு மாறிகளை மாற்றிவிட்டு, அதில் ஒன்றுக்கு மட்டும் பாராட்டுக் கொடுத்துவிட்டோம். முதலாம் படிவ மாணவர் ஆய்வு அறிக்கையில் இப்படி எழுதினால் நான் சிவப்பு மையால் வட்டமிடுவேன். பெம்போலே உபாஹ் டிமாலார்கான், மாறாமல் வைக்கப்படும் மாறி, எங்கே என்று கேட்பேன்.

இன்னொன்றும் உண்டு. பின்தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்ற பெரியம்மா சொன்னார்: "ரெண்டு மாசமாவே கேக் நடுவுல சரியா வேகல. நான்தான் மாவு பக்குவம் தப்புன்னு நெனச்சேன்." அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். தளர்ந்த பிளக்கில் 74 ஓம் கூடுதலாகச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் அசைத்தபோது வந்த 1,190 அந்தக் கணக்குத்தான். 180 பாகைக்குப் போர்டு எதிர்பார்ப்பது 1,685 ஓம். அதில் 74 பிளக்கினுடையது என்றால் சென்சாருடையது 1,611 மட்டுமே. அது 160 பாகைக்கு உரிய எண். முகப்பில் 180, உள்ளே 160. எந்தப் பிழைக்குறியும் வராது, ஏனெனில் 1,685 என்பது ஓவனுக்கு முற்றிலும் இயல்பான எண். கேக்கின் நடுப்பகுதி மட்டும் வேகாமல் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. எஃப் 3 வருவதற்கு இரண்டு மாதம் முன்பே சாட்சி இருந்தது. நானும் கேட்கவில்லை, பழுதுபார்ப்பவரும் கேட்கவில்லை. திரையில் எழுத்தும் எண்ணும் தெரிந்துவிட்டால், பக்கத்தில் நிற்கும் மனிதரைக் கேட்கத் தோன்றுவதில்லை.

கருவி காட்டும் எண்ணுக்கு அது சொல்லாத பொருளை ஏற்றிப் படிக்கும் இந்தப் பழக்கம் விண்வெளிப் பயணத்தில் மூன்று பேரின் உயிருக்கே உலை வைத்தது. அப்போலோ 13 விண்கலத்தில் திரவ ஆக்சிஜன் தொட்டி ஒன்றுக்குள் சூடேற்றும் கம்பி இருந்தது. ஏறத்தாழ 27 பாகைக்கு மேல் போனால் அதை நிறுத்த ஒரு தெர்மோஸ்டாட் சுவிட்சும் இருந்தது. அந்தச் சுவிட்ச் 28 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. ஏவுதளத்தில் கொடுத்ததோ 65 வோல்ட். 1970 மார்ச்சில் ஒரு சோதனைக்குப் பிறகு தொட்டி வழக்கம்போல் காலியாகவில்லை. எனவே கம்பியை எட்டு மணி நேரம் ஓடவிட்டு ஆக்சிஜனை ஆவியாக்கினார்கள். சுவிட்ச் திறக்க முயன்றபோது அதன் முனைகள் பொறி பறந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சூடு ஏறிக்கொண்டே போனது. கம்பிக்குழாயின் சில இடங்களில் 500 பாகையைத் தாண்டியிருக்கலாம் என்று பின்னர் விசாரணைக் குழு கணித்தது. கவனித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. காரணம், அந்த அளவியே ஏறத்தாழ 27 பாகைக்கு மேல் காட்டாது. "27, அல்லது அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும்" என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் 27 என்று படித்தார்கள். உள்ளே மின்கம்பிகளின் உறை வெந்துபோனது. ஏப்ரல் 13ஆம் தேதி, பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், அந்தத் தொட்டி வெடித்தது. லொவெல், சுவைகெர்ட், ஹெய்ஸ் மூவரும் ஏப்ரல் 17 அன்று உயிரோடு பசிபிக் கடலில் வந்து இறங்கியது பெரும் பாடு.

சரி, பள்ளிக்கு வருவோம். நம் ஆய்வகத்தில் ஓம் விதிச் சோதனை எப்படி நடக்கிறது? மின்கலங்களை நான் காலையிலேயே சரிபார்த்து வைக்கிறேன். அறுந்த கம்பிகளை ஆய்வக உதவியாளர் முதல் நாளே ஒதுக்கிவிடுகிறார். மாணவர்கள் படத்தில் உள்ளபடி இணைக்கிறார்கள், நேர்கோடு வருகிறது, மணி அடிக்கிறது. ஒரு குழுவுக்கு விளக்கு எரியாவிட்டால் நான் ஓடிப்போய் வேறு கம்பி கொடுத்துவிடுகிறேன். அன்றைய வகுப்பிலேயே மிகப் பயனுள்ள ஐந்து நிமிடத்தை அவர்களிடமிருந்து நான் பிடுங்கிக்கொள்கிறேன் என்று இப்போதுதான் புரிகிறது.

சக ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் இல்ல, இதுல கெட்டுப்போன சர்க்கிட் வேறயா?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒரு பாடவேளை வீணானால் அது எப்படி வலிக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் எஸ்.பி.எம். இயற்பியல் மூன்றாம் தாள் இப்போது செய்முறைத் தேர்வாகவே நடக்கிறது. தேர்வு மண்டபத்தில் அம்மீட்டரின் முள் அசையாவிட்டால், ஒருமுறைகூடக் கோளாறு தேடிப் பழகாத மாணவர் என்ன செய்வார்? கையைத் தூக்குவார். ஆண்டுக்கு இரண்டு பாடவேளை போதும் என்பது என் கணக்கு. ஆறு சுற்றுகள், ஒவ்வொன்றிலும் நாமே ஒளித்துவைத்த ஒரு கோளாறு. எல்லாம் ஒன்றரை வோல்ட் மின்கலத்தில், ஆபத்தில்லாமல். எதையும் மாற்றக் கூடாது, அளக்க மட்டுமே செய்யலாம் என்பது விதி.

பழுதுபார்ப்பவர்மீது பழி போட எனக்கு மனமில்லை. அவருக்கு வீட்டுக்கு வீடு ஓட வேண்டும். அந்த ஓவனின் சுற்றுப்படம் அவரிடம் கிடையாது. இங்கேதான் நிறுவனங்கள்மீது எனக்கு வருத்தம். ஒரு நிறுவனத்தில் எஃப் 3 என்பது இன்னொன்றில் வேறு பொருள். கையேட்டில் பெரும்பாலும் "சேவை மையத்தை அழைக்கவும்" என்ற ஒரு வரிதான். கார்களில் இப்படி இல்லை. அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு 1996 முதல் ஒரே மாதிரியான பிழைக்குறி முறை கட்டாயம்; நம் ஊர்ப் பட்டறைகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகிப் பார்க்கும் கருவி படிப்பதும் அந்த வகைக் குறிகளைத்தான். அதில் பி0118 என்பதன் விளக்கத்தைப் பாருங்கள்: எஞ்சின் குளிர்நீர் வெப்பநிலைச் சென்சாரின் 'சுற்றில்' உள்ளீடு அதிகம். சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை, சுற்றில் என்கிறது. எவ்வளவு நேர்மையான வாக்கியம்! ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பதனப்பெட்டி போன்றவற்றின் தயாரிப்பாளர்கள் தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்களுக்கு உதிரிப்பாகங்களையும் பழுதுநீக்கும் விவரங்களையும் தந்தாக வேண்டும். நம் நாட்டில் விற்கும் ஓவனுக்கும் அப்படி ஒரு தாள் கூடவே வந்திருந்தால், பெரியம்மாவின் 145 வெள்ளி மிச்சமாகியிருக்கும்.

அந்தப் பழைய சென்சார் இப்போது எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. மின்சாரத்தில் இணைக்காத தனிக் குச்சி, ஒரு மல்டிமீட்டர் போதும். பயமில்லாமல் சோதனை செய்யலாம். பனிக்கட்டி நீரில் வைத்தபோது 1,001 ஓம் காட்டியது. கொதிநீரில் 1,385 வர வேண்டும். ஒரு குழுவுக்கு 1,372தான் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பத்து நிமிடம் சண்டை போட்டார்கள். மல்டிமீட்டரின் மின்கலம் என்றான் ஒருவன், கம்பி என்றாள் ஒருத்தி. கடைசியில் குச்சி பாதிதான் நீரில் மூழ்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். முழுக்க இறக்கியதும் 1,384.

அந்தக் குழுவில் ஒரு மாணவிக்குத் தானா ராத்தாவில் பாட்டி வீடு. கேமரன் மலையில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். பள்ளி விடுமுறைக்குச் சென்சாரையும் மல்டிமீட்டரையும் இரவல் கேட்டாள். பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுத்தேன். கிளம்பும் முன் எதிர்பார்க்கும் எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். பென்சிலால் 1,366 என்று எழுதியிருக்கிறாள்.